பத்து கோல் வாங்கினவங்க

ஒரு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிடலாம், ஆனா அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி வேற. அதை முதல்ல சொல்லிட்டு வரலாற்றுக்குப் போறேன். வரலாறு மட்டும் போதும்னு நினைக்கிறவங்க இந்தக் கொசுவத்தியைத் தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குள்ள நடக்குற ஏழு பேர் ஃபுட்பால் டோர்னமெண்ட். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு டர்ஃப், ராத்திரி ஒன்பது மணி மேட்ச். நான் ஸ்டாப்பர். இஞ்சினியரிங் படிக்கும்போது டிபார்ட்மெண்ட் டீம்ல ரெண்டு வருஷம் ஆடின அனுபவம், அதுக்கப்புறம் அஞ்சாறு வருஷம் நாற்காலியில உட்கார்ந்து வளர்த்த தொப்பை, ரெண்டையும் கூட்டிக்கிட்டு இறங்கினேன். எதிர் டீம்ல ஒரு பையன். இருபத்து மூணு வயசு இருக்கும். கன்னியாகுமரி கடற்கரை கிராமத்துக்காரன். அந்தப் பக்கத்துப் பசங்களுக்கு ஃபுட்பால் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு மேல சொல்ல வேண்டாம். அங்கே மணல்ல ஓடிப் பழகின காலு, இங்கே பிளாஸ்டிக் புல்லு மேல பறக்குது. ஹாஃப் டைமுக்குள்ள நாலு கோல். நாலும் அவனே.

இடைவேளையில எங்க கேப்டன் என்னைத் தனியா கூப்பிட்டு, "மச்சி, பந்தைப் பார்க்காதே. ஆளைப் பாரு. தூக்கிடு"ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நானும் சிரிச்சேன். மறுபடி ஆட்டம் ஆரம்பிச்சு மூணாவது நிமிஷம் அஞ்சாவது கோல் விழுந்துச்சு. அடுத்த தடவை அவன் என்னைத் தாண்டினப்ப, பின்னாலிருந்து சறுக்கிப் போய்க் காலை விட்டேன். பந்துக்கும் என் காலுக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்துச்சு. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கணுக்கால் மடங்கின சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டினார். ரெண்டு பேர் தோள் கொடுத்து அவனை வெளியே கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அவங்க ஒரு கோல்கூட அடிக்கலை. நாங்க ரெண்டு அடிச்சு அஞ்சுக்கு ரெண்டுன்னு தோத்தோம். "செமயா நிறுத்திட்ட மச்சி"ன்னு கேப்டன் முதுகுல தட்டினான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. கண்ணை மூடினா அந்தச் சத்தம். இதைத் தவிர வேற வழியே இருக்கலையான்னு ஒரு கேள்வி. நமக்குத்தான் எதையும் நோண்டிப் பார்க்குற வியாதி உண்டே. சம்பளத்துக்கு ஆடாத ஆட்டக்காரங்க, நம்மள மாதிரி அமெச்சூருங்க, ஒரே ஒரு ஆளு கிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்ட கதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அஞ்சு கோலெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க. பத்து வாங்கினவங்க இருக்காங்க!

முதல் கதை 1908. லண்டன் ஒலிம்பிக்ஸ், ஒயிட் சிட்டி ஸ்டேடியம். அப்ப ஒலிம்பிக்ஸ்ல அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். அக்டோபர் 22ஆம் தேதி, அரையிறுதி, டென்மார்க்கும் பிரான்ஸும். டென்மார்க் 17, பிரான்ஸ் 1. ஆமா, பதினேழு. அதுல பத்து கோல் சோஃபுஸ் நீல்சன்னு ஒருத்தர் அடிச்சது. முதல் ஆறு நிமிஷத்துலயே மூணு. அவருக்கு ஊர்ல வெச்ச பட்டப்பேரு 'வளைஞ்ச காலு'ங்கிற மாதிரி அர்த்தம் வரும். வளைஞ்ச காலாலயே பத்துன்னா நேரா இருந்திருந்தா என்ன ஆகியிருக்குமோ.

அந்த டென்மார்க் டீம்ல ஹாஃப் ஆடினவர் ஹெரால்ட் போர். பேரு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில அணு மாதிரின்னு நம்மளைப் பாடாய்ப் படுத்தின நீல்ஸ் போரோட தம்பி. இவரு பின்னாடி பெரிய கணித மேதை ஆனார். 1910ல இவரோட டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்தப்ப, அரங்கத்துல கணக்கு வாத்தியார்களை விட ஃபுட்பால் ரசிகர்கள்தான் அதிகம்னு ஒரு கதை சொல்வாங்க. ஹ்ம்ம், நம்ம வைவாவுக்கு எக்ஸ்டர்னலே லேட்டாத்தான் வந்தார்.

சரி, பிரான்ஸுக்கு என்ன ஆச்சு? நீல்சன் அவ்ளோ பெரிய ராட்சசனா? இங்கதான் எனக்கு முதல் பல்பு எரிஞ்சுது. பிரான்ஸ் அந்த ஒலிம்பிக்ஸுக்கு ஒரு டீம் அனுப்பலை, ரெண்டு டீம் அனுப்புச்சு. இருக்குற ஆட்டக்காரங்களை ஏ, பின்னு ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. பி டீம் மூணு நாள் முன்னாடி இதே டென்மார்க்கிட்ட 9-0ன்னு தோத்துப் போச்சு. ஏ டீமுக்கு எதிரா ஆட வேண்டிய பொஹீமியா வராததால, அவங்க ஒரு மேட்ச்கூட ஆடாம நேரா அரையிறுதிக்கு வந்துட்டாங்க. ஒருத்தரோட ஒருத்தர் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட அந்த மைதானத்துல ஆடாத பதினோரு பேரு, அஞ்சு ஃபார்வர்டோட வர்ற டீம் முன்னாடி நிக்கிறாங்க. நொந்து போன பிரான்ஸ் மூணாவது இடத்துக்கான போட்டிக்கே நிக்காம விலகிட்டாங்க. பாவம்.

இப்ப காலண்டரை ரெண்டே ரெண்டு நாள் தள்ளுங்க. அக்டோபர் 24, சனிக்கிழமை, அதே மைதானம், இறுதிப் போட்டி. டென்மார்க்குக்கு எதிரா கிரேட் பிரிட்டன். அதே நீல்சன், அதே வளைஞ்ச காலு. எத்தனை கோல்? சைபர். பிரிட்டன் 2-0ன்னு ஜெயிச்சுடுச்சு. அந்தப் போட்டித் தொடர் முழுக்க பிரிட்டன் வாங்கினது ஒரே ஒரு கோல்தான், அதுவும் 12-1ன்னு ஜெயிச்ச ஸ்வீடன் மேட்ச்ல.

நாப்பத்தெட்டு மணி நேரத்துல பத்து எப்படி பூஜ்யம் ஆகும்? ஆளு மாறலை. எதிர்ல நின்னவங்கதான் மாறினாங்க.

இந்த பிரிட்டன் அமெச்சூருங்க நம்மள மாதிரி தொப்பை கேஸ் இல்லை. கேப்டன் விவியன் உட்வர்டு ஆர்க்கிடெக்ட் வேலை பார்த்தவர், ஆனா சனிக்கிழமையானா டாட்டன்ஹாமுக்கு ஆடுவார், காசு வாங்காம. ஹெரால்டு ஹார்ட்மன் வக்கீல். 1906ல எவர்ட்டன் எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்சப்ப அந்த டீம்ல இருந்தார், பிற்காலத்துல மான்செஸ்டர் யுனைட்டெட் சேர்மனாவே ஆனார். ஹாஃப்ல நின்ன கென்னத் ஹன்ட், பின்னாடி பாதிரியார் ஆனவர், அதே 1908 ஏப்ரல்ல வுல்வர்ஹாம்ப்டனுக்காக எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்ல கோல் அடிச்சவர். அதாவது சம்பளத்துக்கு ஆடுற ஆட்டக்காரங்களோட வாரா வாரம் மோதிப் பழகினவங்க அந்த டீம்ல நிறைய. நீல்சன் மாதிரி ஆளுங்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தவங்க. இன்னொரு விஷயம், ஃபைனல்ல முதல் கோல் அடிச்சது யாருன்னு பார்த்தா ஃபிரெடெரிக் சாப்மன். சென்டர் ஹாஃப். நீல்சனுக்கு நேர் எதிர்ல ஆட வேண்டிய இடம் அது.

அப்ப எல்லாரும் ஆடினது 2-3-5. ரெண்டு பேக், மூணு ஹாஃப், அஞ்சு ஃபார்வர்டு. இன்னிக்கு நம்ம கண்ணுக்கு இது தற்கொலை. பின்னாடி ரெண்டே பேரா? ஆனா அந்தக் காலத்து ஆஃப்சைடு விதியைச் சேர்த்துப் பார்த்தாத்தான் கணக்கு புரியும். 1866லேர்ந்து 1925 வரைக்கும் விதி இதுதான்: பந்தை முன்னாடி அடிக்கும்போது, வாங்கப் போறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவுல எதிராளிங்க மூணு பேர் இருக்கணும். இப்ப மாதிரி ரெண்டு இல்லை, மூணு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கோலி, ரெண்டு பேக், மொத்தம் மூணு. அந்த ரெண்டு பேக்ல ஒருத்தர் ரெண்டு எட்டு முன்னாடி வந்தாப் போதும், ஃபார்வர்டு ஆஃப்சைடு. தப்பித் தவறி ஏமாந்துட்டாலும் இன்னொரு பேக் பின்னாடி நிக்கிறார், ஓடி மூடிக்கலாம். ரிஸ்க்கே இல்லாத பொறி. நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் சர்வரை ஓட விட்டுக்கிட்டே மெயின் சர்வர்ல விளையாடுற மாதிரி. அதுக்கு மேல இன்னொரு சலுகை: 1912 வரைக்கும் கோலி தன் பாதி மைதானம் முழுக்க எங்கே வேணா பந்தைக் கையால தொடலாம். பெனால்டி ஏரியாவுக்குள்ள மட்டும்தான்கிறது அப்புறம் வந்தது.

ஆக 1908ல ஒரு ஃபார்வர்டை நிறுத்துறதுக்கு விதியே பாதி வேலையைச் செஞ்சு கொடுத்துச்சு. ஆனா ஒண்ணு, அந்த ரெண்டு பேரும் ஒரே மனசா நகரணும். ஒருத்தர் எப்ப ஏறுவார்னு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். வாரா வாரம் அதையே செஞ்சவங்களுக்கு அது மூச்சு விடுற மாதிரி. ரெண்டாப் பிரிச்சு அனுப்பப்பட்ட பிரான்ஸுக்கு? ஒருத்தர் ஏறும்போது மத்தவரும் ஏறியிருந்தா முடிஞ்சுது கதை. பின்னாடி காலி மைதானமும் கோலியும்தான்.

அடுத்த பத்து, 1912 ஸ்டாக்ஹோம். ஜூலை 1ஆம் தேதி, ஜெர்மனி 16, ரஷ்யா 0. காட்ஃப்ரீட் ஃபுக்ஸ்னு கார்ல்ஸ்ரூயே நகரத்துப் பையன், 23 வயசு, நீல்சன் மாதிரியே பத்து. ஒரு சர்வதேச ஆட்டத்துல ஒருத்தர் பத்துங்கிற சாதனையை நீல்சனும் இவரும் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2001ல அமெரிக்கன் சமோவா கிட்ட ஆஸ்திரேலியாவோட ஆர்ச்சி தாம்சன் 13 அடிக்கிற வரைக்கும், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, யாரும் தாண்டலை.

இங்கேயும் தேதியைப் பாருங்க மக்களே. தோத்தவங்களுக்கான ஆறுதல் சுற்று அது. ஜெர்மனி ஜூன் 29 அன்னிக்கு ஆஸ்திரியா கிட்ட தோத்துட்டு ஒரு நாள் ஓய்வு எடுத்துட்டு வந்தாங்க. ரஷ்யா? ஜூன் 30ஆம் தேதி ஃபின்லாந்து கிட்ட 2-1ன்னு போராடித் தோத்துட்டு, மறுநாளே இறங்கினாங்க. முந்தின நாள் ரெண்டு கோலுக்கு மேல விடாத டீம், அடுத்த நாள் பதினாறு. ஒரே ராத்திரியில யாரும் ஆட மறந்துட மாட்டாங்க. ஆனா காலு மறக்கும். தொடர்ந்து ரெண்டு நாள் ரிலீஸ் வெச்சு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும், மூணாவது நாள் ஒரு சின்ன பக்குகூட நம்மளை நிக்க வெச்சு அடிக்கும்.

ஃபுக்ஸ் கதையை இதோட விட மனசு வரலை. அவர் யூதர். கூடவே ஆடின அவரோட கார்ல்ஸ்ரூயே நண்பர் யூலியுஸ் ஹிர்ஷும் யூதர். முதல் உலகப் போர்ல ரெண்டு பேருமே ஜெர்மனிக்காகச் சண்டை போட்டாங்க. நாஜிக்கள் வந்ததும் ஃபுக்ஸ் தப்பிச்சு கடைசியில கனடா போய்ச் சேர்ந்தார். ஹிர்ஷ் தப்பிக்கலை. 1943ல அவுஷ்விட்ஸுக்கு அனுப்பிட்டாங்க. 1972ல மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத்தைத் திறக்குறப்ப ஜெர்மனிக்கும் சோவியத்துக்கும் மேட்ச் ஏற்பாடாச்சு. 1954ல உலகக் கோப்பை ஜெயிச்சுக் கொடுத்த கோச் செப் ஹெர்பெர்கர், சின்ன வயசுல ஃபுக்ஸோட பரம ரசிகர். ரஷ்யாவுக்கு எதிரா பத்து அடிச்ச மனுஷனை இந்த மேட்ச்சுக்கு விருந்தாளியா கூப்பிடுங்கன்னு சங்கத்துக்கு எழுதிக் கேட்டார். முடியாதுன்னுட்டாங்க. அந்த மேட்ச் நடக்குறதுக்கு மூணு மாசம் முன்னாடியே, பிப்ரவரியில, மான்ட்ரியல்ல ஃபுக்ஸ் இறந்து போயிருந்தார். மைதானத்துல அவரை நிறுத்த முடியாத ரஷ்யா பதினாறு கோல் வாங்கினதோட சரி. அவரை நிறுத்தினது அவர் நாடு.

அதே 1912 ஒலிம்பிக்ஸ் ஃபைனல்ல இன்னொரு சங்கதி இருக்கு, என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். மறுபடியும் பிரிட்டனும் டென்மார்க்கும். 2-1ன்னு போயிட்டிருந்தப்ப, அரை மணி நேரம் வாக்குல டென்மார்க்கோட சார்லஸ் புக்வால்டு கையில அடிபட்டு வெளியே போக வேண்டியதாச்சு. அப்ப மாற்று ஆளே கிடையாது. போனவர் போனவர்தான், பத்து பேரோட ஆடணும். இடைவேளைக்குள்ள ரெண்டு கோல் விழுந்து 4-1, கடைசியில 4-2. அது யாரும் வேணும்னு செஞ்சதில்லை, விபத்து. ஆனா அந்த விதியில ஒளிஞ்சிருந்த கணக்கு பயங்கரமானது. எதிராளியோட நல்ல ஆட்டக்காரன் ஒருத்தன் விழுந்தா, அவனோட சேர்த்து ஒரு இடமே காலி. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர் 1970லதான் வந்தாங்க. 'ஆளைத் தூக்கிடு'ங்கிற தந்திரம் எங்க கேப்டன் கண்டுபிடிச்சது இல்லை. ரொம்பப் பழசு. ரொம்பக் காலம் லாபமாவும் இருந்துச்சு.

1925ல ஆஃப்சைடு விதி மாறுச்சு. நியூகாசிலோட பில் மெக்ராக்கன் மாதிரி பேக்குங்க அந்தப் பொறியை அவ்ளோ நல்லா வெச்சதால ஆட்டமே நின்னு நின்னு ஓட ஆரம்பிச்சுது, கோல் குறைஞ்சு போச்சு. மூணு பேருங்கிறதை ரெண்டாக் குறைச்சாங்க. ஒரு இலக்கம்தான் மாத்தினாங்க, விளைவைப் பாருங்க: இங்கிலாந்து முதல் டிவிஷன்ல 1924-25 சீசன்ல மொத்தம் 1192 கோல். அடுத்த சீசன் 1703. ப்ரொடக்‌ஷன்ல ஒரே ஒரு கான்ஃபிக் மாத்தி எல்லாத்தையும் கவுத்த அனுபவம் இருக்கிறவங்க கை தூக்குங்க.

இப்ப ஒரு பேக் ஏறி ஏமாந்தா பின்னாடி கோலி மட்டும்தான். ரெண்டு பேக் போதாது. அர்செனல் 1925 அக்டோபர்ல நியூகாசில் கிட்ட 7-0ன்னு உதை வாங்கினதும், ஆட்டக்காரர் சார்லி பக்கன் சொல்ல, மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் (முன்னாடி சொன்ன சாப்மன் வேற) சென்டர் ஹாஃபை இழுத்து ரெண்டு பேக்குக்கும் நடுவுல நிறுத்தினார். மூணாவது பேக் பிறந்தாச்சு. அந்த இடத்துல பின்னாடி நின்ன ஹெர்பி ராபர்ட்ஸுக்குப் பட்டப்பேரே 'போலீஸ்காரர்'. அவர் வேலை சென்டர் ஃபார்வர்டு கூடவே இருக்கிறது. நம்ம ஊர்ல இன்னிக்கும் 'ஸ்டாப்பர்'னு ஒரு வார்த்தை இருக்கே, நானும் பெருமையா சொல்லிக்கிறேனே, அந்த வேலைக்குத் தாத்தா இவர்தான். கவனிச்சீங்கன்னா, ஒரு பெரிய ஃபார்வர்டை நிறுத்த அவங்க கண்டுபிடிச்சது பெரிய டிஃபென்டரை இல்லை. எங்கே எத்தனை பேர் நிக்கணும்கிறதை.

இந்தச் செய்தி இந்தியாவுக்கு வந்து சேர இருபத்தேழு வருஷம் ஆச்சு. வந்த விதமும் பத்து கோலாத்தான்.

1952 ஜூலை 15, ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. சைலன் மன்னா கேப்டன், ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் கோச். முந்தின வருஷம் டெல்லியில ஆசிய விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச கையோட போனவங்க. நம்மாளுங்க பல பேருக்குக் காலில் பூட்ஸ் கிடையாது, ஃபின்லாந்து குளிர் வேற. பின்னாடி நிக்கிறது அதே பழைய ரெண்டு பேக். எதிர்ல பிராங்கோ செபெக், இடது பக்க ஃபார்வர்டு, எந்த இடத்துல விட்டாலும் ஆடுற ரகம். அவர் நாலு. மிட்டிச், வுகாஸ், ஒக்னியானோவ் ஆளுக்கு ரெண்டு. கடைசி நிமிஷத்துல அகமது கான் ஒண்ணு அடிச்சு மானத்தைக் காப்பாத்தினார். பேருக்குத்தான் யூகோஸ்லாவியா அமெச்சூர். கம்யூனிஸ்ட் நாடுகள்ல சம்பளப் பட்டியல்ல 'ஃபுட்பால்'னு எழுத மாட்டாங்க, அவ்வளவுதான். அந்த டீம் ஃபைனல் வரைக்கும் போய் ஹங்கேரி கிட்ட மட்டும்தான் தோத்துச்சு. இந்த செபெக்தான் பின்னாடி கோச்சா போய் 1969ல பயர்ன் மியூனிக்குக்கு லீக், கோப்பை ரெண்டையும் ஒரே சீசன்ல வாங்கிக் கொடுத்தவர்.

பத்து கோல் வாங்கிட்டு வந்தா நம்ம ஊர்ல வழக்கமா என்ன நடக்கும்? கோலியைத் திட்டுவோம், ஒரு கமிட்டி போடுவோம். ரஹீம் அடிப்படையில வாத்தியார். எங்கே ஓட்டைன்னு பார்த்தார். அதுக்கப்புறம் பூட்ஸ் கட்டாயமாச்சு. ரெண்டு பேக் போய் மூணு பேக் வந்துச்சு. கேட்க சின்ன மாற்றம். ஆனா தலைமுறை தலைமுறையா 2-3-5 ஆடின ஊர்ல, ஹாஃபை இழுத்து பேக்கா நில்லுன்னு சொல்றது என்ன ரகளை ஆகியிருக்கும்னு கற்பனை பண்ணிப் பாருங்க. எங்க ஆபீஸ்ல கோட் எடிட்டர் மாத்தச் சொன்னதுக்கே மூணு பேர் சண்டைக்கு வந்தாங்க.

1956 மெல்போர்ன். காலிறுதியில ஆஸ்திரேலியாவை 4-2. நெவில் டிசோசா ஹாட்ரிக், கிட்டு ஒண்ணு. இந்தத் தடவை 'நிறுத்த முடியாத ஃபார்வர்டு' நம்ம பக்கம்! அரையிறுதியில யாரு? யூகோஸ்லாவியா. டிசம்பர் 4. இடைவேளை வரைக்கும் 0-0. நாலு வருஷம் முன்னாடி இதே நேரத்துல இதே நாட்டுக்கு எதிரா 5-0. ரெண்டாம் பாதி ஆரம்பிச்சு ஏழாவது நிமிஷம் டிசோசா அடிச்சு இந்தியா முன்னிலை. அதை எழுதும்போதே புல்லரிக்குது. அப்புறம் அஞ்சே நிமிஷத்துல ரெண்டு வாங்கி, கடைசியில 4-1, அதுல ஒண்ணு நம்மாளே நம்ம கோல்ல போட்டுக்கிட்டது. நேர்மையா ஒண்ணு சொல்லிடணும், இந்த யூகோஸ்லாவியா டீம்ல செபெக்கோ வுகாஸோ மிட்டிச்சோ இல்லை. அதனால 10-1 இங்கே 4-1 ஆனதுக்கு மூணாவது பேக் மட்டும் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முதல் 45 நிமிஷம் பூஜ்யம்கிறது சும்மா வராது. 1960 ரோம்ல ஹங்கேரியோட ஆடினப்ப எதிர்ல ஃப்ளோரியான் ஆல்பெர்ட், ஏழு வருஷம் கழிச்சு ஐரோப்பாவோட சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கப் போறவர். நம்ம பக்கம் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங். ஆல்பெர்ட்டுக்கு ஒரே ஒரு கோல்தான் கிடைச்சுது, இந்தியா 2-1ன்னுதான் தோத்துச்சு. (அதே ரோம்ல பெருவுக்கு எதிரா நம்ம சைமன் சுந்தர்ராஜ் அடிச்ச கோலுக்கு அப்புறம் இந்தியா ஒலிம்பிக்ஸ் ஃபுட்பால்ல கோல் அடிக்கவே இல்லை. அடிக்கத் தகுதி பெறணுமே முதல்ல.)

ஜர்னைல் சிங் கதை இன்னும் ஒண்ணு பாக்கி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தாய்லாந்து மேட்ச்ல அவருக்குத் தலையில அடிபட்டுத் தையல் போட்டாச்சு. பின்னாடி நின்னு எகிறி எகிறிப் பந்தை முட்ட முடியாது. ரஹீம் என்ன பண்ணினார் தெரியுமா? உட்கார வைக்கலை. ஸ்டாப்பரைத் தூக்கி சென்டர் ஃபார்வர்டா போட்டார். வாழ்நாள் முழுக்க ஃபார்வர்டுங்களைத் தடுத்தவனுக்கு, பேக்குங்க எங்கே ஏமாறுவாங்கன்னு தெரியாமலா இருக்கும்? அரையிறுதியில தெற்கு வியட்நாமுக்கு எதிரா ஒரு கோல், ஃபைனல்ல தென் கொரியாவுக்கு எதிரா ஒரு கோல். இந்தியா 2-1, தங்கம். ரஹீமுக்கு அப்பவே புற்றுநோய். அடுத்த வருஷம் போயிட்டார்.

இதெல்லாம் படிச்சு முடிச்சப்புறம் எங்க மேட்ச்சை ஒரு நோட்டுல வரைஞ்சு பார்த்தேன். ஏழு பேர் டீம்ல நாங்க ஆடினது 2-3-1. பின்னாடி ரெண்டு பேர். டர்ஃப்ல ஆஃப்சைடு விதியே கிடையாது. அதாவது 1908 ஆளுங்க மூணு பேர் விதி இருக்கிற தைரியத்துல வெச்ச ரெண்டு பேக்கை, நாங்க விதியே இல்லாத மைதானத்துல வெச்சிருந்தோம். அஞ்சு கோல்ல நாலு, நானும் லெஃப்ட் பேக்கும் ஒரே நேரத்துல முன்னாடி போனப்ப விழுந்தது. என் காலுக்கு அங்கே வேலையே இல்லை. நடுவுல இருந்த மூணு பேர்ல ஒருத்தனைப் பின்னாடி கூப்பிட்டிருந்தா போதும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் ரூமைத் தேடிப் போனேன். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி. காலை ஒரு தலகாணி மேல வெச்சுக்கிட்டு லேப்டாப்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தான். எலும்பு முறிவு இல்லை, லிகமெண்ட். மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்லண்ணா"ன்னான், ஆனா முகத்தைப் பார்க்காம சொன்னான். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். எனக்குப் பேச எதுவும் இல்லாததால ஜர்னைல் சிங் கதையைச் சொன்னேன். முழுசா கேட்டான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க ரெண்டு பேரும் எதுக்கு ஒரே நேரத்துல ஏறி வந்தீங்க? மொத கோலு போட்டப்பவே தெரிஞ்சிருக்கணுமே"ன்னான்.

நோட்டுல வரைஞ்சதைக் காட்டினேன். பேனாவை வாங்கி ஒரு அம்புக்குறியைத் திருத்தினான். மூணாவது கோலுக்கு அவன் வலது பக்கமிருந்து வரலையாம், இடது பக்கமாம்.

டாக்டர் ஆறு வாரம்னு சொல்லியிருக்கார். இன்னும் ஒரு வாரம் பாக்கி.